பாக்கெட்ல விவசாயி பேர் ஏன் இல்ல? ருவாண்டா காபி வாங்கினவரோட கேள்வி

கேள்வி, 2025 ஜூன் 3

250 கிராம் ருவாண்டா காபி, 15 யூரோ. பாக்கெட்ல "சிங்கிள் ஆரிஜின், சிறு விவசாயிகள், ரெட் போர்பன், 1,800 மீட்டர்"னு எழுதி ஒரு அம்மா பழம் பறிக்கிற படமும் போட்டிருக்கு. ஆனா யாரோட தோட்டம்னு ஒரு வரி இல்ல, ஏதோ ஒரு வாஷிங் ஸ்டேஷன் பேர் மட்டும். பனாமா, கொலம்பியா காபின்னா தோட்டக்காரர் பேரே இருக்கு. ஆப்பிரிக்கான்னா மட்டும் ஏன் இந்த மூடுமந்திரம்? நடுவுல யாரோ எல்லாத்தையும் கலந்து வித்துட்டு நமக்குக் கதை சொல்றாங்கன்னுதான் தோணுது. அது போக நேத்து அரைச்சப்ப பச்சை உருளைக்கிழங்கு வாடை. பழைய ஸ்டாக்கை என் தலையில கட்டிட்டாங்களா?

ஜூன் 3, ராத்திரி

முதல்ல உருளைக்கிழங்கு, ஏன்னா நீங்க பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடுவீங்களோன்னு கவலையா இருக்கு. போடாதீங்க. அந்த வாடை ஸ்டாக் பழசானதால வந்தது இல்ல, வறுத்தவர் மேலயும் தப்பு இல்ல. ருவாண்டா, புருண்டி, கிழக்கு காங்கோ பக்கத்துக் காபியில வர்ற குறை இது, பொட்டேட்டோ டேஸ்ட்னே பேர். ஒரே ஒரு கொட்டை போதும், அந்தக் கப்பு முழுக்கப் போச்சு. அரைச்ச தூளை மட்டும் கொட்டிட்டு, கிரைண்டரைத் துடைச்சு, நாலு கொட்டை போட்டு ஓட்டி அதையும் கொட்டிட்டு அடுத்த டோஸ் அரைங்க, பெரும்பாலும் சுத்தமா இருக்கும். ஒரே பாக்கெட்ல திரும்பத் திரும்ப வந்தா கடைக்கு எழுதுங்க. தோட்டப் பேர் விஷயம் பெருசு, நாளைக்கு எழுதறேன்.

ஜூன் 4

நான் இருக்கிறது ஹாம்பர்க், பச்சைக் கொட்டை, அதாவது வறுக்காத கொட்டை, வாங்கி வீட்லயே வறுக்கறேன். காபி இறக்குமதி பண்ற ஒரு நண்பரோட ஒரு அறுவடை சீசன்ல ருவாண்டா போயிருந்தேன், நியாமாஷேகே மாவட்டம், கிவு ஏரிக்கு மேல இருக்கிற மலைச்சரிவு. உங்க கேள்விக்குப் பதில் அந்த ஊர்லதான் இருக்கு, அதனால அங்க என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன்.

வாஷிங் ஸ்டேஷன்னா சுத்துவட்டாரத்துப் பழத்தையெல்லாம் வாங்கித் தோல் உரிச்சு, கழுவி, காயவெக்கிற இடம். மத்தியானம் வரைக்கும் அங்க பெருசா வேலை இல்ல. மூணு மணிக்கு மேல ஆரம்பிக்குது கூட்டம். தலையில கூடை வெச்சுக்கிட்டு பொம்பளைங்க, சைக்கிள்ல மூட்டை கட்டித் தள்ளிக்கிட்டு வர்றவங்க, ஸ்கூல் விட்டு நேரா அம்மாவோட சேர்ந்துக்கிட்ட பசங்க. ஒருத்தர் கொண்டு வர்றது அஞ்சு கிலோ, பத்து கிலோ, மிஞ்சிப் போனா முப்பது. வந்ததும் தரையில கொட்டி, பச்சையா இருக்கிறதையும் பூச்சி கடிச்சதையும் அவங்களே உக்காந்து பொறுக்கி எடுக்கணும், அப்புறம்தான் தராசு. எடை போட்டு நோட்டுல பேரோட எழுதி ரசீது குடுக்கறாங்க. அடுத்து தண்ணித் தொட்டியில போடறாங்க, மிதக்கறது தனியாப் போயிடும், அது மட்டமான ரகமா விக்கும். முங்கினது பல்ப்பருக்குள்ள போய்த் தோல் உரிஞ்சு, ராத்திரியோட ராத்திரியா புளிக்கிற தொட்டிக்குப் போயிடுது.

அந்தத் தொட்டிதான் விஷயமே. அன்னிக்கு சாயந்தரம் பழம் கொண்டு வந்த அத்தனை பேர் காபியும் அதுல ஒண்ணாயிடுச்சு. ஏமாத்தறதுக்காக இல்ல. பத்து கிலோ பழத்துக்குத் தனியா ஒரு தொட்டி, தனியா ஒரு காயப்போடற மேடைன்னு யாராலயும் நடத்த முடியாது.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு செடியில வருஷத்துக்குச் சுமாரா ரெண்டு கிலோ பழம். ஏழு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை. அங்க பெரும்பாலான குடும்பத்துக்கிட்ட சில நூறு செடிதான் இருக்கு, அதுவும் வாழை, பீன்ஸோட பக்கத்துலயே. முன்னூறு செடின்னு வெச்சுக்கிட்டா 600 கிலோ பழம், 85 கிலோ கொட்டை. 60 கிலோ சாக்குல ஒண்ணரை கூட வராது. இருபதடி கன்டெய்னர் ஒண்ணுல 320 சாக்கு போகும். ஒரு கன்டெய்னர் நிரம்ப இருநூறு குடும்பத்துக்கு மேல ஒரு வருஷ உழைப்பு வேணும்.

கொலம்பியாவுல கதை வேற. அங்க சின்ன விவசாயிகிட்ட கூட வீட்டுப் பக்கத்துலயே சொந்த பல்ப்பர் இருக்கும், காயப்போட இடம் இருக்கும், பார்ச்மென்ட், அதாவது உமியோட இருக்கிற கொட்டை, வரைக்கும் அவரே கொண்டு வந்துடறாரு, அதனால பேர் கூடவே வருது. பனாமாவுல நீங்க பார்க்கிற பேர் பெரும்பாலும் எஸ்டேட் பேர். பதப்படுத்தற வேலை எங்க நடக்குதோ அங்க இருக்கிற பேர்தான் பாக்கெட்ல நிக்கும். ருவாண்டாவுல அது ஸ்டேஷன். அதனால உங்க பாக்கெட் உங்களை ஏமாத்தல, அது உண்மையைத்தான் சொல்லுது.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழிச்சு

ஒண்ணு விட்டுப் போச்சு. அந்த ஊர்ல தனித்தனியா பதப்படுத்தின காலமும் இருந்தது. அந்த நாட்டை ஆண்ட பெல்ஜியம்காரங்க கட்டாயப்படுத்திக் காபி நட வெச்ச நாள்லேர்ந்து 2000 வரைக்கும், விவசாயிங்க பெரும்பாலும் வீட்லயே தோல் உரிச்சு, தேய்ச்சு, கழுவி, காயவெச்சு வியாபாரிகிட்ட போட்டுடுவாங்க. எல்லாம் ஒரே ரகம், ஒரே விலை, சாதா சரக்கு. யார் கவனமா பண்ணினாலும் பண்ணலேன்னாலும் அதே காசு. அப்ப யாரோட பேரும் எங்கயும் போகல.

ஜூன் 5

"வாஷிங் ஸ்டேஷன் எப்ப வந்தது?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். 1994 இனப்படுகொலைக்கு அப்புறம் நாடே தரைமட்டமா கிடந்தப்ப, தெற்குல ஹூயே பக்கத்துல மராபாங்கிற இடத்துல 1999ல விவசாயிங்க ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சாங்க, அபாஹுஸாமுகாம்பின்னு பேர். புருஷனை, அப்பாவை, அண்ணன் தம்பியை இழந்தவங்க அதுல நிறைய. 2000, 2001 வாக்குல அமெரிக்க அரசு உதவியோட PEARLனு ஒரு திட்டம் வந்தது, மிச்சிகன் ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகங்களும் ருவாண்டா தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து. மராபாவுல வாஷிங் ஸ்டேஷன் நடக்க ஆரம்பிச்சதும் காபியோட சுவையே மாறிடுச்சு, சீக்கிரமே லண்டன்ல ஒரு ரோஸ்டர் (காபி வறுத்து விக்கிறவர்) வாங்க ஆரம்பிச்சு அங்க சூப்பர்மார்க்கெட் வரைக்கும் போச்சு. 2000 வாக்குல விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுல இருந்த ஸ்டேஷன் இப்ப 300க்கு மேல. 2008ல கப் ஆஃப் எக்ஸலன்ஸ்ங்கிற காபித் தரப் போட்டி ஆப்பிரிக்காவுல முதல் தடவையா நடந்தது ருவாண்டாவுலதான்.

நான் இந்தக் காபியை விடாம வாங்கறதுக்கு இது ஒரு காரணம். பத்து வருஷத்துக்குள்ள ஒரு நாடு சாதா சரக்குலேர்ந்து இந்த இடத்துக்கு வந்தது சாதாரணமா?

ஜூன் 6

விலை. எல்லாரும் இதைத்தான் கேக்கறீங்க, 15 யூரோவுல விவசாயிக்கு எவ்ளோ?

ருவாண்டாவுல ஒவ்வொரு சீசனும் அரசு நிறுவனம் ஒரு கிலோ பழத்துக்குக் குறைஞ்சபட்ச விலை சொல்லும், அதுக்குக் கீழ யாரும் வாங்கக் கூடாது. 2024ல 480 ஃபிராங்க், 2025ல 600. வறுக்கறப்ப எடையில 15 சதவீதம் போயிடும், அதனால 250 கிராம் வறுத்த காபிக்கு 300 கிராம் பச்சைக் கொட்டை, அதாவது ரெண்டு கிலோ பழம். மேல சொன்ன கணக்குப்படி ஒரு செடியோட ஒரு வருஷம். ரெண்டு கிலோ, 1,200 ஃபிராங்க். 2025 ஜூன் மாத்து விலைக்கு முக்கால் யூரோ.

இப்ப இந்தப் பக்கம் பாருங்க. ஜெர்மனியில காபிக்குன்னே தனி வரி இருக்கு, வறுத்த காபி கிலோவுக்கு 2.19 யூரோ. உங்க பாக்கெட்ல அது 55 சென்ட். மேல 7 சதவீத விற்பனை வரி, 98 சென்ட். ரெண்டும் சேர்த்தா ஒண்ணரை யூரோ. பழம் பறிச்சவங்களுக்குக் கிடைக்கிறதைப் போல ரெண்டு மடங்கு ஜெர்மன் அரசுக்குப் போகுது. இதை முதல்ல கணக்கு போட்டப்ப எனக்கு வயித்தெரிச்சலா இருந்தது, இப்பவும் அப்படித்தான் இருக்கு.

மிச்சம்? ஸ்டேஷன்ல கூலி, கிகாலியில உமி எடுத்துத் தரம் பிரிக்கிற ஆலை, கடல் இல்லாத நாடுங்கறதால மொம்பாசா இல்ல தார் எஸ் சலாம் வரைக்கும் லாரி, கப்பல், இறக்குமதி பண்றவரோட வட்டி, வறுக்கிறவரோட வாடகை, சம்பளம், பாக்கெட், கடைக்காரர் பங்கு. நடுவுல யாரோ ஒருத்தர் கொள்ளையடிக்கிறாருன்னு நான் நினைக்கல. ஆனா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க செலவை விலையில ஏத்திக்க முடியுது, பழம் பறிக்கிறவருக்கு மட்டும் அது முடியல.

ஜூன் 6, ராத்திரி

மேல போட்ட 600ங்கிறது தரை விலை. நல்ல ஸ்டேஷன் அதுக்கு மேல குடுக்கும், சீசன் முடிஞ்சு காபி வித்ததும் ரெண்டாவது தவணைன்னு ஒண்ணு குடுக்கும். நான் போன ஸ்டேஷன்ல ரசீது நோட்டை வெச்சுத்தான் அந்தப் பணத்தைப் பிரிக்கிறாங்க, அதனாலதான் கிழிஞ்ச நோட்டைக் கூட பத்திரமா வெச்சிருக்காங்க. ரோஸ்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: "பழத்துக்கு என்ன விலை குடுத்தாங்க, ரெண்டாவது தவணை போச்சா?"

ஜூன் 8

உருளைக்கிழங்குக்குத் திரும்பி வர்றேன், நிறைய பேர் காரணம் கேக்கறீங்க. அன்டெஸ்டியான்னு ஒரு பூச்சி, காபிப் பழத்தைக் குத்தி உறிஞ்சும். அந்தக் காயத்தோட சேர்ந்துதான் பைரஸீன்கிற வாசனைப் பொருள் கொட்டைக்குள்ள வருது, உருளைக்கிழங்குத் தோல்ல இருக்கிற அதே வகை. வறுத்தாலும் போகாது. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது.

கொடுமை என்னன்னா கண்ணால பார்த்து முழுசாக் கண்டுபிடிக்க முடியறதில்ல. ஸ்டேஷன்ல கழுவி முடிச்ச பார்ச்மென்டை ஈரத்தோட நிழல் மேடையில பரப்பி, ரெண்டு பக்கமும் பொம்பளைங்க நின்னு பொறுக்கறாங்க. ஈரமா இருந்தாத்தான் உள்ள இருக்கிற கறை தெரியும். அப்புறம் வெயில் மேடையில ரெண்டு மூணு வாரம், மத்தியான வெயில் ஏறினாலோ மழை வந்தாலோ ஓடிப் போய் மூடணும், ஈரம் 11, 12 சதவீதத்துக்கு வர்ற வரைக்கும். அந்த மேடை பக்கத்துல நின்னு அவங்க விரல் போற வேகத்தைப் பார்த்துட்டு வந்தவன் நான். இத்தனைக்கும் தப்பிச்சு ஒரு கொட்டை வந்துடுது. தொட்டியில மிதக்க விடறதுல பூச்சி கடிச்சது நிறைய போயிடும், செடியைக் கவாத்து பண்ணிக் காத்தோட்டமா வெச்சாலும் பூச்சி குறையும், ஆனா முழுசா நின்னபாடில்ல.

இந்த ஒரு குறைக்காகவே ருவாண்டா காபியை வாங்க மாட்டேங்கிற ரோஸ்டருங்க இருக்காங்க. அது எனக்கு ஏத்துக்க முடியல. ஒரு டோஸ் தூள் வீணாகறது நமக்கு ஒண்ணுமில்ல, அங்க ஒரு மலைச்சரிவே அதை நம்பித்தான் ஸ்கூல் ஃபீஸ் கட்டுது.

ஜூன் 10

எத்தியோப்பியாவுலயும் இதே மாதிரியான்னு கேட்டவருக்கு. ஆமாவும் இல்லையும். அங்கயும் வீட்டுக் கொல்லையில வளர்க்கிற காபிதான், ஸ்டேஷன்லதான் சேருது. ஆனா 2008ல பொருளாதார நிபுணர் எலெனி கெப்ரெ மெதின் தலைமையில பொருள் சந்தை ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஈசிஎக்ஸ். காபி பெரும்பாலும் அது வழியாத்தான் போகணும்னு வந்தப்ப ஸ்டேஷன் பேரே அழிஞ்சுது, யிர்கசெஃபேன்னு வட்டாரப் பேர், தரம் இன்னதுன்னு மட்டும் சாக்குல இருக்கும். விவசாயிக்கு அன்னன்னைக்கு நிலவரம் தெரியணும், பணம் உடனே வரணும்னு பண்ணின ஏற்பாடு, அதுல நியாயம் இருந்தது. ஆனா வாங்கறவங்களுக்கு எங்க வந்ததுன்னே தெரியாமப் போச்சு. கூட்டுறவு யூனியன்களுக்கு மட்டும் நேரடியா ஏத்துமதி பண்ண வழி இருந்தது. 2017 சீர்திருத்தத்துக்கு அப்புறம்தான் ஸ்டேஷன்காரங்களே தன் பேர்ல ஏத்துமதி பண்ண ஆரம்பிச்சாங்க. அதனால இன்னிக்கு எத்தியோப்பியப் பாக்கெட்ல ஸ்டேஷன் பேர் பார்த்தீங்கன்னா அது சுலபமா வந்ததில்ல.

அந்தப் பாக்கெட்ல "ஹெர்லூம்"னு (பரம்பரை ரகம்னு அர்த்தம்) போட்டிருந்தா எந்த ரகம்னு அது ஒண்ணும் சொல்லல. 1971ல அங்க காய் அழுகல் நோய் வந்தப்ப ஜிம்மா ஆராய்ச்சி நிலையம் காட்டுலேர்ந்து நோய் தாங்கற செடியாத் தேடிப் பொறுக்கினது 74110, 74112 ரகமெல்லாம், 74ங்கிறது பொறுக்கின வருஷம், 1974. இப்ப நல்ல ரோஸ்டர் அந்த நம்பரையே போடறாங்க.

ஜூன் 10

கென்யா பாக்கெட்ல போடற ஏஏ பத்தி: அது கொட்டையோட சைஸ் மட்டும், ஏபிங்கிறது அதை விடச் சின்ன சைஸ். ஏபி வாங்கி நான் ஏஏவை விட நல்லா குடிச்சிருக்கேன், விலையும் கம்மி.

ஜூன் 13

"அப்ப ஸ்டேஷன் பேர் இருந்தாப் போதுமா?"ன்னு முதல்ல கேட்டவரே திரும்பக் கேட்டிருக்கார். ரெண்டு நாளா யோசிச்சேன். போதாது. ஸ்டேஷன் யாரோடதுங்கிறதும் முக்கியம். விவசாயிங்களோட கூட்டுறவா, தனியாரா, வெளிநாட்டுக் கம்பெனியோட கிளையா? கூட்டுறவுன்னா நல்லதுன்னும் கண்ணை மூடிச் சொல்லிட முடியாது, கடன்ல மூழ்கினதும் உண்டு, தனியார்ல சொன்ன நாளைக்குக் காசு குடுக்கறதும் உண்டு.

இன்னொண்ணு. பக்கத்துல பக்கத்துல நிறைய ஸ்டேஷன் இருந்தா போட்டி வந்து விவசாயிக்கு லாபம்னுதான் எனக்குத் தோணும். ஆனா ரொக்கோ மாக்கியவெல்லோ, அமீத் மொர்ஜாரியான்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ருவாண்டா ஸ்டேஷன்களை எடுத்துப் பார்த்தப்ப வேற மாதிரி வந்தது. போட்டி அதிகமான இடத்துல முன்பணம் குடுக்கறது, ரெண்டாவது தவணை குடுக்கறது எல்லாம் உடைஞ்சு போகுது, ஏன்னா இங்க முன்பணம் வாங்கிட்டு அங்க பழம் போட்டுடலாம்ங்கிற பயம். இதுக்கு நடுவுல 2016ல அரசாங்கம் அவங்கவங்க வட்டாரத்து ஸ்டேஷன்லதான் பழம் போடணும்னு கட்டுப்பாடு கொண்டு வந்து, 2023ல அதை எடுத்துட்டாங்க. விவசாயி கையில இஷ்டம் இருக்கணும்ங்கிறதுதான் என் கட்சி, ஆனா முன்பணமும் வேணும். ரெண்டும் சேர்ந்து கிடைக்க நான் பார்த்த ஒரே வழி, வருஷா வருஷம் அதே ஸ்டேஷன்ல வாங்கற ரோஸ்டர். அப்படி ஒருத்தர் இருந்தா ஸ்டேஷனுக்குத் தைரியம் வருது, முன்பணம் குடுக்குது.

அதனால பாக்கெட்ல நான் தேடறது விவசாயி படத்தை இல்ல. ஸ்டேஷன் பேர், அறுவடை வருஷம், "இத்தனை வருஷமா வாங்கறோம்"ங்கிற வரி. மூணும் இருந்தா காசு குடுத்து வாங்குவேன்.

ஜூன் 14

ஃபில்டர்ல போட்டு டிகாக்‌ஷன் இறக்கிப் பால் ஊத்தலாமான்னு மூணு பேர் கேட்டாச்சு. ஊத்துங்க, உங்க காபி. ஆனா இந்த லேசான வறுவல் சிக்கரி இல்லாம நம்ம ஃபில்டர்ல தண்ணியாத்தான் இறங்கும், பால் பட்டா புளிப்பு மட்டும் மிஞ்சும். ஒரு தடவை கறுப்பா, சர்க்கரை இல்லாம, கொஞ்சம் ஆற விட்டுக் குடிங்க. ஆறினப்புறம்தான் ரெட் போர்பன் ரகத்துல அந்த ஆரஞ்சும் வெல்லமும் தெரியும்.

சென்னையில ஏன் கிடைக்கலைன்னா, வெளிநாட்டுக் காபிக்கு இந்தியாவுல பொதுவா 100 சதவீத இறக்குமதி வரி. ஆனா ஆப்பிரிக்கச் செடி நம்ம மலையில ஏற்கெனவே இருக்கு: செலக்‌ஷன் 9ங்கிற ரகம் எத்தியோப்பியாவோட தஃபாரிகெலாவையும் திமோர் கலப்பினத்தையும் சேர்த்து உருவாக்கினது. கிடைச்சா வாங்கிப் பாருங்க.

ஜூன் 17

ஐரோப்பாவோட காடழிப்புச் சட்டம் பத்தித் தனியா இழை போடலாம், இங்க சுருக்கமா. 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காடு அழிச்ச நிலத்துல விளைஞ்சதை விக்க முடியாது, ஒவ்வொரு நிலமும் எங்க இருக்குன்னு ஜிபிஎஸ் புள்ளி வேணும். முன்னூறு செடிக்காரருக்கும் சேர்த்துத்தான். அமலுக்கு வர்ற தேதி தள்ளிப் போயிருக்கு. நோக்கம் சரிதான். ஆனா ஆயிரம் சின்னத் தோட்டத்தை அளந்து எழுதற செலவை யார் ஏத்துக்கறது? பெரிய எஸ்டேட்டுக்கு ஒரு பைல், ஸ்டேஷனுக்கு ஆயிரம் வரி. வாங்கறவங்க சுலபமான பக்கம் சாஞ்சுட்டா இந்த மலைச்சரிவுதான் அடிபடும், அந்தப் பயம் எனக்கு இருக்கு. உங்க ரோஸ்டர்கிட்ட இதையும் கேளுங்க.

ஜூன் 19

முதல்ல கேட்டவர் தன் ரோஸ்டருக்கு எழுதி, ஸ்டேஷன் கூட்டுறவுதான், பழ விலையும் ரெண்டாவது தவணையும் இன்னதுன்னு பதில் வாங்கிட்டாராம், தரை விலையை விட அதிகம்தான் குடுத்திருக்காங்க. பதில் சொல்ற ரோஸ்டரை விட்டுடாதீங்க.

அடுத்த பாக்கெட் எப்ப வாங்கலாம்னா: ருவாண்டாவுல அறுவடை மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும், இப்பதான் முடியுது. அது காய்ஞ்சு, ஆலைக்குப் போய், கப்பல் ஏறி இங்க வர அக்டோபர், நவம்பர் ஆயிடும். இப்பக் கடையில இருக்கிறது போன வருஷத்துது, இன்னும் நல்லாத்தான் இருக்கு ஆனா வாசனை கொஞ்சம் இறங்கியிருக்கும். அதுவரைக்கும் கென்யா வாங்குங்க, அங்க பெரிய அறுவடை அக்டோபர் டு டிசம்பர், அது இப்பதான் வந்து இறங்கியிருக்கு. ஏபி கேட்டு வாங்குங்க.